வாய்க்கால் தெருவில் கூட்டவில்லை

"இங்கிலீஷ் தெரிஞ்சா பத்தாதும்மா. ஆபீஸ் தெரியணும். அது உங்க வூட்ல எவனுக்குத் தெரியும்?"

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஹெட் கிளார்க் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது. என் நியமன உத்தரவை இரண்டு விரலால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். கள்ள நோட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆபீஸ் எனக்குத் தெரியாது என்று அவர் சொன்னது உண்மை. பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை, இந்த மாதம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நாலு பேருக்காக எழுதி வைக்கிறேன். அவர் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டார்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ரயில் நிற்கிற ஊர்களில் ஒன்று என்பது போதும். பெயரை எழுதினால் மற்ற ஊர் பஞ்சாயத்து போர்டுகள் தப்பித்துக்கொள்ளும்.

என் அப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்கினார். அம்மாவுக்கும் அதே மண்டியில் வேலை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பேனா பிடித்தவர் ஒருவரும் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் பள்ளி இறுதி வரை படித்தேன். இங்கிலீஷில் வகுப்பில் நான்தான் முதல். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. கூச்சப்பட வேண்டியவர்கள் எனக்குப் பின்னால் வந்தவர்கள். யுத்தத்துக்கு ஆண்கள் போய்விட்டதால் போர்டு ஆபீசில் ஒரு நாற்காலி காலியாயிற்று. தற்காலிகம் என்று சொல்லி என்னை அதில் உட்கார வைத்தார்கள்.

அது தபால் மேசை. உங்களில் ஒருவருக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். வருகிற மனுவைப் பிரிக்க வேண்டும், நம்பர் போட வேண்டும். மனு தமிழில் இருந்தால் அதன் தலையில் இங்கிலீஷில் ஒரு வரிச் சுருக்கம் எழுதி ஒட்ட வேண்டும். மேலே இருப்பவர்கள் படிப்பது அந்த ஒரு வரியைத்தான். மனு கொடுத்தவன் நாலு பக்கம் அழுதிருப்பான். ஆபீசுக்கு அவன் ஒரு வரி.

இன்னொரு வழக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் தெருவில் குப்பை வாருவதில்லை என்று ஒருவர் புகார் கொடுத்தால், அதை யார் வாரவில்லையோ அவருக்கே அனுப்பி விளக்கம் கேட்பார்கள். அதாவது துப்புரவு மேஸ்திரிக்கு. அவர், "நேரில் பார்வையிட்டேன். தெரு சுத்தமாக உள்ளது" என்று எழுதுவார். புகார் முடிந்தது. மேஸ்திரி நேரில் பார்வையிட்ட இடம் அநேகமாகக் காபி கிளப்பாக இருக்கும். அங்கே சுத்தமாகத்தான் இருந்தது.

நான் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். சுதந்திரம் கேட்ட தலைவர்களெல்லாம் ஜெயிலில் இருந்தார்கள். அங்கங்கே தண்டவாளத்தைப் பெயர்ப்பதும் தந்திக் கம்பியை அறுப்பதும் நடந்துகொண்டிருந்தது. அந்த வாரம் மேலிடத்திலிருந்து ஒரு ரகசியச் சுற்றறிக்கை வந்தது. அனுமதியில்லாமல் எவராவது கூட்டம் கூட்டுவதாகத் தெரிந்தால் அன்றைக்கே போலீசுக்கும் திண்டிவனத்தில் இருக்கும் பெரிய அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஆபீசே பொறுப்பு. அதைத் தமிழில் எழுதி வார்டு மெம்பர்களுக்கெல்லாம் நகல் எடுத்து அனுப்பியது நான். கூட்டம் கூட்டுதல், கூட்டத்தைக் கூட்டுவோர், கூட்ட முனைவோர் என்று எழுதி எழுதி விரல் வீங்கிப்போயிற்று.

மறுநாள் காலையில் வாய்க்கால் தெரு மனு வந்தது. மனு எழுதிப் பிழைக்கிறவர்கள் எழுதியிருந்தால் "துப்புரவுக் குறைபாடு குறித்து" என்று தொடங்கியிருப்பார்கள். இது அந்தத் தெருக்காரர் ஒருவர் தானே எழுதியது. பெயர் சவரிமுத்து. ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். அவர் கையெழுத்துக்குக் கீழே பதினாலு பேரின் கைநாட்டு.

முதல் வரி: "எங்கள் தெருவில் மூன்று மாதமாகக் கூட்டவில்லை."

கடைசி வரி: "வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏற்பாடு செய்யாவிட்டால் நாங்களே ஒன்றுசேர்ந்து கூட்டிக்கொள்கிறோம், அதற்காக எங்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம்."

நடுவில் பன்னிரண்டு வரி இருந்தது. நான் படிக்கவில்லை.

ஏன் படிக்கவில்லை என்று இன்றைக்கும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். மேசையில் நாற்பது மனு இருந்தது என்று சொல்லலாம். அது பொய்யில்லை, ஆனால் அது காரணமும் இல்லை. சுற்றறிக்கை வந்த மறுநாளே ஒரு கூட்டத்தைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்தான் காரணம். ஆபீஸ் உனக்குத் தெரியுமா என்று கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். "வாய்க்கால் தெருவாசிகள், ஞாயிற்றுக்கிழமை அனுமதியின்றித் தாங்களே கூட்டம் கூட்டப்போவதாக அறிவிப்பு, நடவடிக்கை கூடாதென மிரட்டல்." இதைத்தான் நல்ல இங்கிலீஷில், ஒரு பிழையில்லாமல் எழுதி ஒட்டினேன். மிரட்டல் என்ற சொல் என் சொந்தச் சரக்கு.

ஹெட் கிளார்க் வரியைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"பரவால்லியே. தேறிட்டியே நீ."

அன்றைக்கே போலீசுக்கு ஒன்று, திண்டிவனத்துக்கு ஒன்று என்று கடிதம் போயிற்று. நான் அந்த வாரம் அம்மாவுக்குக் கார்டு போட்டேன், ஹெட் கிளார்க் என்னைப் பாராட்டினார் என்று. அம்மாவுக்கு அதை யாராவது படித்துச் சொல்லியிருப்பார்கள்.

சனிக்கிழமை சவரிமுத்துவை ஸ்டேஷன் பிளாட்பாரத்திலிருந்தே பிடித்து விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார்கள். ரயில்வேக்காரன், தண்டவாளத்தில் கை வைத்து வேலை செய்கிறவன், கூட்டம் போடுகிறான் என்றால் அந்தச் சமயத்தில் யார் விடுவார்கள்? சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனால் சட்டம் சட்டம்தானே என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்கும் அந்த நினைப்பு வரும். வரும்போது என்னை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர் மனைவி அந்தோணியம்மாள் ஆபீசுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு துடைப்பம். வாசலில் பியூன் மறித்தான்.

"ஏய், தொடப்பத்த வெளிய வையி!"

"மூணு மாசமா வெளியதாய்யா வெச்சிருந்தோம். உங்க ஆளு ஒருத்தனும் வந்து எடுக்கலியே." அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "யாருங்க இங்க காயிதம் படிக்கிறவங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னம்மா வேணும்?" என்றேன்.

"எங்க வூட்டுக்காரர போலீசு இட்டுக்கினு பூட்டாங்க கிளார்க்கம்மா. மீட்டிங்கு போடறேன்னு எழுதிக் குடுத்தாராம். அவருக்கு மீட்டிங்கு போடத் தெரியுமாங்க? கோயில்ல எழுந்து நின்னு ஒரு ஜெபம் சொல்லுன்னாவே ஓடிப் பூடுவாரு."

"நாங்களே கூட்டிக்கிறோம்னு அவர்தானேம்மா எழுதியிருக்காரு?"

"ஆமா, கூட்டிக்கிறோம்னுதான் எழுதனாரு." துடைப்பத்தை என் மேசைமேல் வைத்தாள். "இத்தால."

யாரோ பின்னால் சிரித்தார்கள். 

"போலீஸ்ல சொல்லலியா?"

"சொன்னேங்க. காயிதத்தில மீட்டிங்குன்னு இருக்குதே, நீ இன்னா காயிதத்த வுடப் பெரிய ஆளான்னு கேக்கறாங்க. போன மாசம் பக்கத்துத் தெருக்காரங்க குப்பைய வாரி ரோட்டாண்ட கொட்டனாங்கன்னு உங்க ஆபீசுதான கேசு போட்டுது? அதான் எங்க மேல கேசு போடாதீங்கன்னு ஒரு வரி சேத்து எழுதனாரு. அதுக்கா ஜெயிலு?"

மனுவை எடுத்தேன். அந்தப் பன்னிரண்டு வரியையும் படித்தேன். சந்தைக் குப்பையைக் கொண்டுவந்து தெரு முனையில் கொட்டுகிறார்கள், வாய்க்கால் அடைத்துத் தண்ணீர் வீட்டு வாசலுக்கு ஏறுகிறது, நாலு வீட்டில் காய்ச்சல், இந்த வார்டுக்கு உள்ள இரண்டு ஆட்களும் போர்டு பிரசிடென்ட் வீட்டுத் தெருவைக் காலையும் மாலையும் இரண்டு தடவை கூட்டுகிறார்கள், மேஸ்திரியிடம் சொன்னால் சிரிக்கிறார். எல்லாம் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குக்கூடப் புரியும்.

இப்போது ஒன்று சொல்கிறேன். என் அம்மா மல்லாட்டை மண்டியில் செய்கிற வேலை கூட்டுகிற வேலை. காலையில் தரையைக் கூட்டி, சாயங்காலம் சிந்தின மல்லாட்டையைக் கூட்டிச் சேர்த்து, தினமும் அந்தச் சொல்லோடுதான் வீட்டுக்கு வருவாள். "கூட்டிட்டு வந்துட்டேன்" என்பாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஆளைக் கூட்டுவது, சபையைக் கூட்டுவது என்ற அர்த்தமெல்லாம் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்தவை. இரண்டு அர்த்தமும் ஒரே வரியில் எதிரே வந்து நின்றபோது நான் பள்ளிக்கூடத்து அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் அறியாமை என்று விடலாம். நான் செய்தது அறியாமையில்லை. துடைப்பத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று காட்டப்போய், அந்தச் சொல்லே எனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று.

துடைப்பத்தை அவளிடமே கொடுத்து, வெளியே கிணற்றடியில் நிற்கச் சொல்லிவிட்டு ஹெட் கிளார்க்கிடம் போனேன். எக்ஸிக்யூடிவ் ஆபீசர் அன்று ஊரில் இல்லை. அவர் இல்லாதபோது ஆபீசுக்கு ஹெட் கிளார்க்தான் எல்லாம்.

"ஐயா, தப்பு நடந்துபோச்சுங்க. அது தெருக் கூட்டற மனுங்க. மீட்டிங் இல்லீங்க. நான்தான் சரியாப் படிக்கல. உடனே திருத்தி ஒரு லெட்டர் அனுப்பிடலாங்க."

அவர் பதறவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

எனக்குப் புரியவில்லை.

"மனு வந்த அன்னிக்கே நான் முழுசாப் படிச்சேன்."

"படிச்சிட்டா அனுப்புனீங்க?"

"ஏம்மா, கூட்டம்னா போலீஸ் வேலை. குப்பைன்னா நம்ம வேலை. நீயா நல்லா எழுதிக் குடுத்த, நான் கையெழுத்துப் போட்டேன். இப்ப குப்பைன்னு எழுதுனா, மூணு மாசமா ஆளுங்க எங்க போனாங்கன்னு மேலேர்ந்து கேப்பான். பிரசிடென்ட் வூட்டுத் தெருவுக்குன்னு நீ எழுதறியா? நானா எழுதறது?"

"அவரு ஜெயில்ல இருக்காருங்க. வேலையும் போயிடும்."

"உங்கம்மா மண்டியில தொடப்பம் புடிக்கிறவதானே? கூட்டறதுன்னா இன்னான்னு உனக்கே தெரியலன்னு வெளிய சொன்னா சிரிப்பாங்க. பேஜாரு பண்ணாம சீட்ல போய் உக்காரு."

இதைச் சொல்லிவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார். "ஜல்தி போ. எட்டு ஆள இட்டுக்கினு போய் வாய்க்கால் தெருவக் கூட்டு. சாயங்காலத்துக்குள்ள கண்ணாடியா இருக்கணும்."

ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷம் வந்தது. மனசு இளகிவிட்டார் என்று நினைத்தேன். அவர் அந்தச் சந்தோஷத்தையும் மிச்சம் வைக்கவில்லை.

"நாளைக்கு எவனாச்சும் வந்து பாத்தா, கூட்டி வெச்ச தெருவுக்குக் கூட்டலன்னு எதுக்குடா மனுன்னு கேப்பான். அப்ப அது மீட்டிங்குதான?"

ஆபீஸ் தெரிய வேண்டும் என்று அவர் முதல் நாள் சொன்னாரே, அது இதுதான். மூன்று மாதம் கெஞ்சியும் வராத துடைப்பம், ஒருவனை ஜெயிலில் வைப்பதற்காக ஓடி வருகிறது. எட்டு ஆள்! அத்தனை ஆள் போர்டில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சீட்டில் போய் உட்கார்ந்தேன். திண்டிவனத்துக்குப் பாசஞ்சர் வர முக்கால் மணி நேரம் இருந்தது. ஆபீஸ் காகிதத்தை அனுமதியில்லாமல் வெளியே எடுத்தால் வேலை போகும். தற்காலிகம் என்பதால் விசாரணைகூட இல்லாமல் போகும். வீட்டில் என் சம்பளத்தில்தான் தம்பி பள்ளிக்கூடம் போகிறான். இதையெல்லாம் யோசித்தேன். யோசிக்காமல் பாய்ந்துவிட்டேன் என்று வீரம் பேசமாட்டேன். ஆனால் தெருவைக் கூட்டி முடித்துவிட்டால் பிறகு நான் எத்தனை யோசித்தும் பிரயோசனமில்லை. மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தலைவலி என்று சொல்லி லீவு எழுதி வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போனேன்.

"அந்தோணியம்மா, இப்ப உங்க தெருவுக்குக் கூட்ட ஆள் வருவாங்க. கூட்ட விடாதீங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாங்க இது? மூணு மாசமா வாங்க வாங்கன்னு கேட்டோம். வரவன வேணான்னு சொல்றதா?"

"அந்தக் குப்பைதான் உங்க வீட்டுக்காரருக்கு சாட்சி. அது போனா அவரு கதையும் போச்சு. நான் திண்டிவனம் போய்ப் பெரிய அதிகாரியப் பாக்கறேன். நான் வர்ற வரைக்கும் ஒரு முறம் குப்பைகூட நகரக் கூடாது."

"நீங்க ஏன் போறீங்க?"

"நான்தான் மீட்டிங்குன்னு எழுதுனேன்."

அவள் கையில் துடைப்பம் இருந்தது. அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. அவள் காறித் துப்பினாள். என் மேல் இல்லை, பக்கத்தில். பிறகு, "ரயிலுக்கு நேரமாச்சி, போங்க" என்று சொல்லிவிட்டுத் தெருப் பக்கம் ஓடினாள்.

திண்டிவனத்தில் அதிகாரியின் பங்களா வராந்தாவில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். டவாலி சேவகன் மூன்று முறை வந்து, "ஐயா தூங்கறாரு", "ஐயா சாப்பிடறாரு", "ஐயா எழுதறாரு" என்று சொன்னான். தூங்கிய பிறகு சாப்பிடுகிற மனுஷர் எப்படிப்பட்டவரோ என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் உள்ளே விட்டார்கள். அவர் வடக்கேயிருந்து வந்தவர். தமிழ் ஏதோ பரீட்சைக்குப் படித்தது.

மனுவை நீட்டி, நடந்ததை இங்கிலீஷில் சொன்னேன். அவர் காகிதத்தில் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்து, "கூட்டு... இது சாப்பிடுறதுதானே?" என்று தமிழில் கேட்டார்.

"அதுவும்தான், ஐயா. இங்கே அது இல்லை."

"உங்கள் ஆபீஸ் கூட்டம் என்கிறது. நீ குப்பை என்கிறாய். என் சமையல்காரன் கேட்டால் பூசணிக்காய் என்பான். நான் யாரை நம்புவது?" இதை இங்கிலீஷில் கேட்டார். பிறகு கோப்பைத் திறந்து என் சுருக்கத்தை எடுத்து வைத்தார். அதன் கீழே ஹெட் கிளார்க்கின் பெரிய கையெழுத்து மட்டும் இருந்தது. "இந்த வரியை எழுதியது யார்?"

இங்கேதான் ஒரு வினாடி நின்றேன். ஹெட் கிளார்க் என்று சொன்னால் போதும். கையெழுத்து அவருடையது. தெரிந்தே அனுப்பியவரும் அவர். அவர் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசையாகவும் இருந்தது. ஆனால் அவர், நான் எழுதவில்லை என்று ஒரு வார்த்தை பதில் எழுதினால், நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். அதற்குள் சவரிமுத்துவின் சீருடை வேறொருவர் உடம்பில் ஏறியிருக்கும்.

"நான்தான், ஐயா."

"அப்படியானால் உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று சொல்வதற்காக ரயிலேறி வந்தாயா?"

"தமிழ் படிக்கத் தெரியும். படிக்கவில்லை. அதைச் சொல்ல வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. "நீ இப்போது சொல்வது சரி என்பதற்கு என்ன அத்தாட்சி?"

"தெருவில் மூன்று மாதக் குப்பை இருக்கிறது. சாயங்காலம் வரைதான் இருக்கும். ஆபீஸ் அதை அகற்ற ஆள் அனுப்பியிருக்கிறது. எப்படியும் ஐயா இன்று விழுப்புரம் போகிறீர்கள் என்று சேவகன் சொன்னான். வழியில்தான் இருக்கிறது."

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் கரி வாயுவில் ஓடுகிற கார் அது. முன் சீட்டில் சேவகனோடு என்னை உட்கார வைத்தார்கள். மேடு வந்தால் கார் திணறியது. அது திணறின ஒவ்வொரு தடவையும் எட்டு துடைப்பம் என் காதில் கேட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி. வாய்க்கால் தெரு முனையில் குப்பை அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் அந்தோணியம்மாளும் இருபது முப்பது பெண்களும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றார்கள். எதிரே போர்டு ஆட்கள் எட்டுப் பேர், துடைப்பத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிழல் தேடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் அவசரமில்லை. மேஸ்திரிக்குத்தான் தொண்டை கட்டிப்போயிருந்தது. காரைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"ஐயா, பாருங்கய்யா! கூட்டமா நின்னுக்கினு கூட்ட வுடமாட்றாங்கய்யா!"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இதில் எது எது?" என்று கேட்டார்.

"முதலாவது ஆட்கள், இரண்டாவது குப்பை, ஐயா."

அவர் காரைவிட்டு இறங்கவில்லை. இறங்கத் தேவையும் இல்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். மூன்று மாதச் சந்தைக் குப்பைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. மடியில் வைத்தே இரண்டு வரி எழுதிச் சேவகனிடம் கொடுத்தார். மறுநாள் காலை சவரிமுத்து வீட்டுக்கு வந்தார். இரண்டு வாரம் கழித்து ரயில்வே அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

எனக்கு நன்றி சொல்ல வருவார் என்று ஒரு மூலையில் எனக்கு நினைப்பு இருந்தது. படித்த மூளை அப்படித்தான். அவர் வந்தார். மேசைக்கு எதிரே நின்றார். ஒல்லியான மனுஷர், குரல் ரொம்ப மெதுவாக இருந்தது.

"நீங்கதாங்களா அது?"

"ஆமாங்க."

"நான் நாலாவதுதாங்க படிச்சேன். ராத்திரியெல்லாம் உக்காந்து யோசிச்சி யோசிச்சி எழுதனேங்க அத. உங்களுக்குப் படிக்க அஞ்சு நிமிசம் ஆயிருக்குமாங்க?"

"ஆயிருக்காதுங்க."

"அதாங்க." அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார். எனக்கு வந்த மெமோக்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன், அதை மறக்கவில்லை.

மெமோ என்றதும் நினைவு வருகிறது. ஆபீஸ் காகிதத்தை வெளியே எடுத்ததற்காக எனக்கு ஒன்று வந்தது. வேலை போகவில்லை. யுத்தத்தில் ஆள் கிடைக்காத காலம் என்பதுதான் காரணம், யாருடைய பெருந்தன்மையும் இல்லை. பழைய கோப்புகள் இருக்கும் ரிக்கார்டு அறைக்குத் தள்ளினார்கள். ஹெட் கிளார்க்குக்கு என்ன வந்தது தெரியுமா? அந்த மாத போர்டு கூட்டத்தில் பாராட்டுத் தீர்மானம் வந்தது. "வாய்க்கால் தெருவில் எட்டு ஆட்களைக் கொண்டு சிறப்புத் துப்புரவு மேற்கொண்டமைக்காக." நான்தான் நகல் எடுத்தேன். இரண்டு வாரம் தெருவைக் கூட்டினார்கள். மூன்றாவது வாரம் ஆட்கள் பிரசிடென்ட் வீட்டுத் தெருவுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். அங்கே அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது போலும்.

ரிக்கார்டு அறையைத் தண்டனை என்று நினைத்தார்கள். என்னைப் போன்றவளை அங்கே வைத்ததைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. நாலு வருஷம் அங்கே உட்கார்ந்து முடிந்துபோன மனுக்களையெல்லாம் படித்தேன், முழுசாக, நடு வரிகளோடு. என் அளவுக்குப் பெரிய தப்பு அவற்றில் அதிகம் இல்லை. அதைவிட மோசமாக ஒன்று இருந்தது: "சுத்தமாக உள்ளது" என்ற வரி, மனுவுக்கு மனு, ஒரே மையில், ஒரே சாய்வில். சில மனுக்களில் அந்த வரி மனு வந்த தேதிக்கு முந்தைய தேதியில் இருந்தது. புகார் வருவதற்கு முன்பே பார்வையிட்டு வைக்கிற சுறுசுறுப்பு!

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. தப்பு செய்யாதீர்கள் என்று சொல்லமாட்டேன், செய்வீர்கள். உங்கள் தப்பு யாருக்கு வசதியாக இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். தப்பு செய்த அன்றைக்கே மேலே இருப்பவர் உங்களைத் தட்டிக்கொடுத்தால், அந்தக் காகிதத்தைத் திரும்ப எடுத்துப் படியுங்கள். என்னை அவர் பாராட்டினது அந்த ஒரு தடவைதான்.

யுத்தம் முடிந்து ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். தற்காலிகங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு மட்டும் நிரந்தரமாக்கி உத்தரவு வந்தது. ரிக்கார்டு அறையில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாது, அதுதான் சங்கதி. அப்பாவுக்கு அந்த உத்தரவைப் படித்துக் காட்டினேன். "பென்சன் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். மேல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த உத்தரவை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போர்டு ஊழியர் பிறருக்கு மனு எழுதித் தரக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. இருக்கிற விதிகளில் அவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடிப்பது அது ஒன்றுதான். போன வெள்ளிக்கிழமையோடு நான் ஊழியர் இல்லை. ஆபீசுக்கு எதிரே தபாலாபீஸ் தாழ்வாரத்தில் ஒரு சாய்வு மேசையும் ஒரு முக்காலியும் போட்டுக்கொண்டிருக்கிறேன். பெண் பிள்ளை நடுத்தெருவில் உட்கார்ந்து மனு எழுதுவதா என்று ஹெட் கிளார்க் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும். அவர் இந்த ஆபீசில் எதையாவது முழுசாகப் பார்ப்பது எனக்குப் புதுசு.

திங்கட்கிழமை காலை சவரிமுத்துவும் அந்தோணியம்மாளும் வந்தார்கள். வாய்க்கால் தெருவுக்கு ஆள் வந்து ஐந்து மாதம் ஆகிறது. மனுவில் 'கூட்ட' என்று எழுதவில்லை. 'பெருக்க' என்று எழுதலாமா என்று யோசித்தேன். குப்பையைப் பெருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று சுருக்கம் எழுதுவீர்கள், அதை உங்கள் ஆபீஸ் உடனே செய்தும் முடிக்கும். அதனால், துடைப்பத்தாலும் முறத்தாலும் குப்பையை அள்ளி வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று எழுதினேன். அதன் இங்கிலீஷ் சுருக்கத்தையும் நானே ஒட்டினேன். பிரசிடென்ட் வீட்டுத் தெருவில் எந்தெந்த நாள் எத்தனை ஆள் கூட்டினார்கள் என்பதை உங்கள் ரிக்கார்டு அறைப் பதிவேட்டின் பக்க எண்ணோடு சேர்த்திருக்கிறேன். ஒரு நகல் திண்டிவனத்துக்குப் போய்விட்டது.

தபால் மேசையில் இருக்கிற தங்கச்சி, அன்றைக்கு உன்னிடம்தான் அதைக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்குச் சீட்டுக் கேட்டபோது ஹெட் கிளார்க்கைத் திரும்பிப் பார்த்தாய். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார், நீ தரவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறேன். அவரைப் பார்க்காமல் சீட்டை எழுதி வை.